பன்னும் பாத்தியதையும்

மண்ணில் விளைவனவற்றை மனிதன் இரு கூறாகப் பிரித்து வைத்திருக்கிறான். விதைத்து விளைந்தது ஒன்று. தானாக முளைத்தது மற்றொன்று. முன்னதற்குச் சொந்தக்காரன் உண்டு, எல்லைக்கல் உண்டு, உறுதிப் பத்திரம் உண்டு, ஒருவன் அத்துமீறித் தொட்டால் நியாயத்தலமும் உண்டு. பின்னதைப் பற்றிப் பேச்செழுந்தால், 'அது சும்மா கிடப்பதுதானே' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம். இந்தச் 'சும்மா' என்ற சொல்லுக்குள் எத்தனை பேருடைய உழைப்பு புதைந்து கிடக்கிறது என்று விசாரிப்பதே இக்கட்டுரையின் நோக்கம். விசாரணைக்கு எடுத்துக்கொள்ளும் பொருள் மிக எளியது: நாம் உட்காரும் பாய்.

கல்முனைக் கடற்கரையிலிருந்து சற்று உள்ளே தள்ளி, வயல்கள் சூழ அமைந்த ஊர் சம்மாந்துறை. சம்பான்கள் வந்து தங்கிய துறை என்று ஊர்ப்பெயருக்குக் காரணம் சொல்வார்கள். ஆயினும் அவ்வூரின் புகழ் நெல்லின் புகழே. போடியார், முல்லைக்காரர், வட்டை, வட்டவிதானை, பெரும்போகம், சிறுபோகம் என்று நெல்லைச் சுற்றி ஓர் அகராதியே அங்கு வளர்ந்திருக்கிறது. நெல்லின் பங்கு பற்றியும் தண்ணீர் முறை பற்றியும் எழுந்த பிணக்குகளை எழுதத் தொடங்கினால் ஏடு கொள்ளாது. அந்த வயலுக்கு அருகே, வயலாகாத தாழ்நிலத்தில், நீருக்குள் நிற்கிறது பன். அதைப் பற்றிப் பிணக்கு இல்லை. பிணக்கு இல்லாமையினால் அதில் அநியாயமும் இல்லை என்று முடிவு கட்டிவிட முடியாது. வழக்குரைக்கத் தகுதியற்றவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்களுக்கும் வழக்கு இருப்பதில்லை.

மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் உள்ள முஸ்லிம் ஊர்களில் பன்பாய் இழைப்பது பெண்களின் கைத்தொழில். பிள்ளையைக் கிடத்தவும், விருந்தாளியை இருத்தவும், கந்தூரியில் சஹனைச் சுற்றி அமரவும், தொழவும், நோயாளி படுக்கவும் பாய் வேண்டும். பக்கத்து மருதமுனையின் கைத்தறியை நாடு முழுவதும் 'தொழில்' என்று அறியும். அங்கே தறி இருக்கிறது. நூல் விலைக்கு வாங்கப்படுகிறது. கணக்குப் புத்தகம் இருக்கிறது. பன்பாய் இழைக்கத் தறி வேண்டியதில்லை. நிலமும் இரு கைகளும் போதும். ஆகையால் அது தொழில் என்ற பெயரைப் பெறாமல் 'ஓய்வு நேர வேலை' ஆகிவிட்டது. (அந்த ஓய்வு எப்போது கிடைத்தது என்பதை அவ்வீட்டுப் பெண்களிடமே கேட்க வேண்டும்.)

பன் என்பது கோரைக் குடும்பத்துப் புல். தமிழ்நாட்டார் கோரை என்று பொதுப்பெயரால் வழங்கும் இனத்தின் நெருங்கிய உறவு. குளத்தின் அலைகரையிலும் வாய்க்கால் ஓரத்திலும், ஆழமற்ற நீர் தங்கும் பள்ளங்களிலும் சேற்றுக்குள் வேர்க்கிழங்கு படர, தண்டுகள் நெருங்கி எழும். எவரும் நட்டதில்லை, நீர் பாய்ச்சியதில்லை, உரம் இட்டதில்லை. இதைப் பார்த்துவிட்டுத்தான் 'தானாக முளைத்தது' என்கிறோம். ஆனால் பன் எடுக்கும் பெண்ணின் கை என்ன செய்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். பாய்க்கு ஆகும் தண்டு நீண்டு, நேராய், ஒரே பருமனாய் இருத்தல் அவசியம். இளந்தண்டு காய்ந்தால் சுருங்கிவிடும். மிக முற்றியது மடிக்கும்போது ஒடியும். ஆகவே அவள் இரண்டுக்கும் நடுவிலுள்ள பருவத்தைத் தேர்ந்து எடுக்கிறாள். கிழங்கைச் சேற்றிலேயே விட்டுவிடுகிறாள். இளையதை அடுத்த முறைக்கு ஒதுக்குகிறாள். எடுக்காமல் விட்ட பன் என்னவாகும்? பழைய தண்டுகள் காய்ந்து சாய்ந்து ஒன்றின்மேல் ஒன்றாக மூடிக்கொள்ளும். புதுக்குருத்து வெளிச்சமின்றி மெலிந்து குட்டையாய் எழும். வேறு களைகள் புகுந்துவிடும். பன்காடு அப்போதும் இருக்கும். பாய்க்கு ஆகும் பன் இராது. நல்ல பன் என்பது ஆண்டுதோறும் ஒருத்தி வந்து எடுத்ததன் விளைவே.

எடுப்பதோடு வேலை முடிவதுமில்லை. அட்டை கடிக்கும் நீரில் இடுப்பு மட்டும் நின்று எடுத்த கட்டைத் தலையில் சுமந்து வந்து, நீளம் பார்த்துப் பிரித்து, வெயிலில் பரப்பி, மழை இருட்டினால் ஓடி வந்து அள்ளி, மீண்டும் பரப்ப வேண்டும். ஒரு நாள் ஈரம் தங்கினாலும் கறுப்புப் புள்ளி விழும். பிறகு சாயம் காய்ச்சுதல். முன்னாளில் சிவப்புக்குப் பதிமுகக் கட்டையும் மஞ்சளுக்கு மரமஞ்சளும் அவிப்பார்கள். பின்னர் கடைச் சாயத்தூள் வந்தது. இவ்வளவும் ஆன பிறகுதான் குந்தியிருந்து இழைக்கத் தொடங்குகிறாள். சந்தையில் பாயை வாங்குகிறவர் இழைத்த நாட்களுக்கு விலை பேசுகிறார். அதுவும் குறைத்துத்தான் பேசுகிறார். பன்னுக்கு விலை பேசுவதே இல்லை. அது 'சும்மா கிடைத்தது'.

இதை வேறொரு நாட்டுச் செடியோடு ஒப்பிட்டால் விடயம் துலங்கும். கிரிக்கெட் மட்டை செய்யும் மரம் என்று நம் மாணவர்கள் அறிந்த வில்லோவில் கூடை முடைவதற்கென்றே சில வகைகள் உண்டு. நமது ஆற்றுப்பாலையும் அதே இனத்தது. இங்கிலாந்தில் சமர்செட் மாவட்டத்துத் தாழ்நிலங்களில், ஏறத்தாழ நம் பன் நிற்கும் நிலத்தைப் போன்ற ஈரநிலத்தில், இதைப் பயிராக வளர்க்கிறார்கள். குளிர்காலத்தில் இலை உதிர்ந்ததும் எல்லாக் கிளைகளையும் அடிக்கட்டை வரை வெட்டிவிடுவார்கள். வசந்தத்தில் அக்கட்டையிலிருந்து கிளைவிடாத நேரிய மிலாறுகள் குத்துக்குத்தாய் எழும். அடுத்த குளிர்காலத்தில் மீண்டும் வெட்டு. இவ்வாறு வெட்ட வெட்ட ஒரு கட்டை பல பத்தாண்டுகள் விளைவு தரும். சில ஆண்டுகள் வெட்டாமல் விட்டால் தடித்துக் கிளைத்து மரமாகிவிடும், கூடைக்கு உதவாது. வெட்டியவற்றை நீளம் பார்த்துப் பிரிக்கிறார்கள், கட்டுகிறார்கள், சிலவற்றை நிறம் வேண்டி அவிக்கிறார்கள். வெட்டுவதே அங்கே வளர்ப்பது.

பன் எடுப்பவளின் கைவேலைக்கும் வில்லோ வெட்டுபவனின் கைவேலைக்கும் பெரும்பகுதி வேறுபாடு இல்லை. அவன் முதல் நாளில் ஒரு குச்சியைச் சேற்றில் குத்தினான்; அவள் குத்தவில்லை. அந்த ஒரு குச்சியின் பலத்தில் அவனுடையது விவசாயம் ஆயிற்று. ஏக்கர் கணக்கு, குத்தகை, விலை யாவும் அதற்கு உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது ஆகாய விமானங்களிலிருந்து பொருள்களை இறக்குவதற்கு வில்லோக் கூடைகள் தேவைப்பட்டன. அப்போது அது போர்த் தளவாடமும் ஆயிற்று. அவளுடைய வேலைக்கோ 'பொறுக்குதல்' என்று பெயர். ஒரே செயல் ஓரிடத்தில் உற்பத்தி, மற்றோரிடத்தில் பொறுக்குதல். இப்பெயர் வேறுபாட்டை உண்டாக்கியது தாவரவியலா? இல்லை; சட்டமே உண்டாக்கியது. அச்சட்டத்தை இங்கே கொண்டுவந்தவர்களும் வில்லோத் தோட்டங்களின் நாட்டிலிருந்து வந்தவர்களே.

1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தைப் பற்றி இலங்கையின் சரித்திரம் படித்த எவரும் கேள்விப்பட்டிருப்பர். காடு, தரிசு, குடியிராத நிலம், பயிரிடாத நிலம் யாவும், வேறுவிதமாக நிரூபிக்கப்படும் வரை, முடிக்கே சொந்தம் என்று அது அனுமானித்தது. மலைநாட்டுக் கோப்பித் தோட்டங்களுக்காக எழுந்த சட்டம் அது; ஆயினும் அதன் மொழி தீவு முழுவதற்கும் பொருந்தியது. 1897 இல் தரிசுநிலக் கட்டளைச் சட்டம் அதற்கு மேலும் கூர் தீட்டியது. இச்சட்டங்களுக்குப் பின்னணியாக ஒரு தத்துவமும் இருந்தது. 1689 இல் வெளிவந்த தம் அரசியல் நூலில் ஜான் லாக், ஒருவன் தன் உழைப்பைப் பொருளோடு கலக்கும்போது அது அவனுடையதாகிறது என்றார். உழைப்பாளியின் காதுக்கு இனிய வாக்கியம்தான். ஆனால் உழைப்பு என்று அவர் முதன்மையாகக் கண்டது வேலியடைத்தல், உழுதல், விதைத்தல் ஆகியவற்றை. மேய்ச்சலுக்கும் உழவுக்கும் நடவுக்கும் உட்படாத நிலம் அவருக்கு வீண் நிலம். அமெரிக்கப் பழங்குடிகளின் நிலத்தை அவ்வாறே அவர் கண்டார். உழைப்பின் பெயரால் உடைமையை நிறுவிய தத்துவம், எது உழைப்பு என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை உடைமையாளனிடமே விட்டுவிட்டது.

இவ்விடத்தில் சம்மாந்துறை வாசகர் ஒருவர், 'ஐரோப்பியன் சட்டம் கிடக்கட்டும், நம் மார்க்கம் என்ன சொல்கிறது?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நீர், புல், நெருப்பு ஆகிய மூன்றிலும் மக்கள் யாவரும் பங்காளிகள் என்ற கருத்துடைய நபிமொழி பலரும் அறிந்தது. அதன்படி தானாக வளரும் பன்னை எவரும் வேலியிட்டுத் தடுக்கலாகாது. இறந்த நிலத்தை உயிர்ப்பித்தவனுக்கு அந்நிலம் உரியது என்ற கோட்பாடும் அதே மரபில் உண்டு. முதலாவது, பன் எடுப்பவளின் பக்கம் நிற்கிறது. இரண்டாவதோ, அவள் பன் எடுக்கும் பள்ளத்தை மேடாக்கி வரம்பு கட்டுகிறவன் பக்கம் நிற்பதுபோல் தோன்றுகிறது. உண்மையில் இரண்டும் மோதவில்லை. எந்த நிலம் இறந்த நிலம் என்ற கேள்விதான் நடுவில் நிற்கிறது. ஓர் ஊரின் மேய்ச்சலுக்கும் விறகுக்கும் அன்றாடத் தேவைகளுக்கும் உதவுகின்ற அயல்நிலம் இறந்த நிலமாகாது என்று மார்க்கச் சட்ட அறிஞர் பலர் கூறியிருக்கின்றனர். பன்னுக்கும் இது பொருந்துமென்றே எனக்குத் தோன்றுகிறது. நூறு பெண்கள் ஆண்டுதோறும் இறங்கி நடக்கும் சேறு இறந்ததாக இருக்க முடியாது.

ஆக லாக்குக்கும், 1840 ஆம் ஆண்டுச் சட்டத்துக்கும், இறந்த நிலத்தை உயிர்ப்பிக்கும் கோட்பாட்டைத் தனக்குச் சாதகமாய்ப் புரட்டுகிறவனுக்கும் பொதுவான முதற்படி ஒன்று உண்டு. நிலத்தைத் 'தரிசு' என்று பெயரிட வேண்டும். பெயரிட்ட பிறகு மற்றவை தாமாக நடக்கும். பெயரிடுகிறவன் அந்நிலத்தில் எதையும் எடுக்காதவன். எடுத்துப் பிழைக்கிறவளைப் பெயரிட அழைப்பதில்லை. அழைத்தாலும் அவள் என்ன சொல்வாள்? பன் எடுக்கும் ஒரு மூத்தம்மாவிடம் 'இது யாருடையது?' என்று கேட்டுப் பாருங்கள். 'யார்டயுமில்ல மகன், தண்ணிக்க கிடக்கிறதுதானே' என்றுதான் பெரும்பாலும் சொல்லுவாள். அவள் உரிமை கோரவில்லை. வேலி கட்டாமை அவளுடைய நற்குணம். அந்த நற்குணத்தையே சட்டம் அவளுக்கு எதிரான சாட்சியாக எழுதிக்கொள்கிறது.

மற்றொரு விசித்திரம். கிழக்கிலங்கை முஸ்லிம்களிடையே தாய்வழிக் குடி முறை இன்றும் முற்றாக மறையவில்லை. வீடு மகளுக்குச் சீதனமாகப் போகிறது. மணமகன் மனைவி வீட்டுக்கு வருகிறான். சொத்தில் பெண்ணுக்கு இடமே இல்லாத சமுதாயம் அல்ல இது. வீட்டின் உறுதி அவள் பெயரில் இருக்கிறது. அந்த வீட்டில் விரித்த பாயின் மூலப்பொருள் விளையும் பள்ளத்திலோ அவளுக்கு ஒரு பெயரும் இல்லை. சீதன உறுதியில் எழுதப்படக்கூடியது மட்டுமே பெண்ணின் சொத்து என்று எல்லாரும், பெண்களும் சேர்த்தே, ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

இதே கேள்வி ஐரோப்பாவிலும் எழுந்தது. 1841 இல் ரைன் மாகாண சபை, காட்டில் உதிர்ந்து கிடக்கும் விறகைப் பொறுக்குவதையும் திருட்டோடு சேர்க்கும் சட்டத்தை விவாதித்தது. 1842 இல், இருபத்து நான்கு வயது இளைஞரான கார்ல் மார்க்ஸ், அந்த விவாதத்தை 'ரைனிஷ் ட்சைட்டுங்' பத்திரிகையில் கிழித்தெறிந்தார். பச்சை மரத்தை வெட்டுவது வேறு, மரமே உதிர்த்துவிட்ட சுள்ளியை எடுப்பது வேறு. ஏழைகளின் வழக்குரிமையை எழுத்துச் சட்டம் விழுங்கலாகாது என்பது அவர் வாதம். பொருளாதாரப் பிரச்சினைகளின் பால் தம்மை முதன்முதலில் திருப்பியவற்றுள் இவ்விவகாரமும் ஒன்று என்று 1859 இல் அவரே நினைவுகூர்ந்தார். பேரறிஞர் ஒருவரின் பொருளியல் ஆராய்ச்சி தொழிற்சாலை வாசலில் தொடங்காமல் காட்டு விறகில் தொடங்கியது என்பது நம் தோழர்கள் பலர் மறந்துபோன செய்தி.

ஆனால் பன் எடுப்பவளின் கட்சி ரைன்லாந்து விறகு பொறுக்கியவளின் கட்சியைக் காட்டிலும் வலுவானது. உதிர்ந்த சுள்ளி இறந்த பொருள். அதைப் பொறுக்கியவள் மரத்துக்கு எதையும் கூட்டவில்லை. மரம் தன் பாட்டில் வளர்ந்தது. ஆகவே மார்க்ஸ் அவளுக்காக ஏழ்மையையும் வழக்கத்தையும் காட்டி வாதாட வேண்டியிருந்தது. பன்னைப் பொறுத்தவரை, எடுத்தலே அடுத்த விளைவை ஆக்குகிறது. அவள் இயற்கையின் விருந்தாளி அல்லள், பங்காளி. இரக்கத்தைத் துணைக்கழைக்காமலே அவளுக்காக வாதாட முடியும்.

நம் நாட்டுச் சட்டமே இதற்கு ஒரு வாயிலைத் திறந்து வைத்திருந்தது. 1958 இல் பிலிப் குணவர்தன கொண்டுவந்த நெற்காணிச் சட்டம், நிலத்தின் உறுதியை வைத்திருப்பவனுக்கு எதிரே நிலத்தில் வேலை செய்பவனை ஓர் உரிமையாளனாக நிறுத்தியது. அதன் வழியில் வந்த 1979 ஆம் ஆண்டின் 58 ஆம் இலக்கக் கமநல சேவைகள் சட்டம், பயிர்ச்செய்கையாளன் யார் என்று வரையறுக்கும்போது, உழுதல், விதைத்தல், அறுத்தல் ஆகியவற்றுள் இரண்டையேனும் செய்வதோடு, பயிரைப் பேணுதல் அல்லது காவல் காத்தல் என்ற வேலையையும் செய்பவன் என்று கூறியது. பேணுதலும் காத்தலும் உரிமை தரும் உழைப்பு என்று சட்டப் புத்தகத்திலேயே ஏறிவிட்டன! எனினும் இவ்வரையறை நெற்காணிக்கு மட்டுமே. பன் எடுப்பவள் பேணுகிறாள், அறுக்கிறாள். உழவும் இல்லை, விதைப்பும் இல்லை. இரண்டு வேலை வேண்டிய இடத்தில் அவளிடம் ஒன்றுதான் இருக்கிறது. சட்டத்தின் வாயில்வரை வந்து அவள் நின்றுவிட வேண்டியதுதான்.

இனி மறுப்புகளைப் பார்ப்போம். பொதுவில் கிடப்பதை எல்லாரும் எடுத்தால் அழிந்துபோகும், ஆகவே ஒருவனிடம் ஒப்படைப்பதே நல்லது என்ற வாதத்தை 1968 இல் கரெட் ஹார்டின் என்ற அமெரிக்க அறிஞர் பிரபலப்படுத்தினார். இதற்கு விடை வெளிவந்து பல்லாண்டு ஆயிற்று. பொதுவளங்களைத் தம்முள் விதிவகுத்து நெடுங்காலம் காத்துவந்த ஊர்களைப் பல நாடுகளில் ஆராய்ந்து எலினோர் ஓஸ்ட்ரம் 1990 இல் நூல் எழுதினார். 2009 இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற முதற் பெண்மணி அவர். இதில் மேலும் நேரம் செலவிட வேண்டியதில்லை.

கடினமான மறுப்பு வேறொன்று. அது நம் பக்கத்திலிருந்தே வருகிறது. பாய் பெரிதா, சோறு பெரிதா? 1949 இல் கல்லோயாத் திட்டம் தொடங்கியது. தமிழர் பட்டிப்பளை ஆறு என்றழைத்த நதியை மறித்து நாட்டின் மிகப் பெரிய நீர்த்தேக்கமான சேனாநாயக்க சமுத்திரம் எழுந்தது. அத்திட்டத்தின் குடியேற்ற அரசியலும், அதன் விளைவாக 1956 இல் நேர்ந்த இரத்தக்களரியும் தனியாக எழுதப்பட வேண்டியவை. இங்கே நாம் கவனிக்க வேண்டியது நீரை மட்டும். வாய்க்கால் நீர் சம்மாந்துறை வயல்களுக்கும் வந்தது. இரு போகம் பயிரிட வழி பிறந்தது. தண்ணீர் வரும் நாளும் வடியும் நாளும் ஒழுங்குக்குள் வந்தபோது, முன்பு ஒன்றுக்கும் உதவாதென்று விடப்பட்ட பள்ளங்களிலும் வரம்பு கட்டலாம் என்ற ஆசை எழுந்தது. அந்த ஆசையைப் பழிக்க எவருக்கும் மனம் வராது. பசித்த நாட்டில் நெல்லுக்கு எதிராகப் புல்லை நிறுத்துகிறவன் வயிறு நிறைந்தவனாகத்தான் இருப்பான்.

ஆகவே பன்காட்டை ஒருக்காலும் வயலாக்கலாகாது என்று நான் வாதிடவில்லை. வயலாக்கியபோது எவருடைய கணக்கில் எது கழிந்தது என்று எழுதப்படவில்லை என்பதே என் முறையீடு. வயலை வீட்டு நிலமாக்கினால் நெல் இத்தனை அவணம் குறையும் என்று கணக்கிடுகிறோம். பள்ளத்தை வயலாக்கும்போது பாய் இத்தனை குறையும், இத்தனை வீடுகளில் பெண்ணின் கையிலிருந்த காசு நின்றுபோகும் என்று கணக்கிட்டவர் உண்டா? நெல் விற்ற காசு பெரும்பாலும் ஆணின் மடிக்குப் போகிறது. பாய் விற்ற காசு சிறியதுதான். ஆனால் அது பிள்ளையின் கொப்பிக்கும் மருந்துக்கும் எவரிடமும் கேளாமல் செலவிடக்கூடிய காசு. குடும்பத்தின் வருமானம் கூடியது என்று புள்ளிவிபரம் சொல்லும் அதே வேளையில், அந்த வீட்டில் ஒருத்தி முதல் தடவையாகக் கைநீட்டத் தொடங்கியிருக்கலாம். கூலி பெறாத உழைப்பை உழைப்பென்று எண்ணாத பழக்கம் முதலாளித்துவப் பொருளியலுக்கு மட்டும் உரியதன்று. தொழிற்சங்கக் கூட்டங்களிலும் அப்பழக்கம் நன்றாக வேரூன்றியிருந்தது.

இன்று நிலைமை இன்னும் சிக்கலானது. பள்ளத்தின் எதிரி இப்போது நெல் மட்டுமல்ல, வீடு. கல்முனையும் சாய்ந்தமருதும் கடலுக்கும் வயலுக்கும் இடையே நெருங்கிக் கிடக்கும் ஊர்கள். 2004 டிசம்பர் 26 ஆம் நாள் கடல் ஏறி வந்து கரையோரத்தை அழித்த பின், உள்ளே நகர்ந்து குடியிருக்க மண் தேவைப்பட்டது. கரைவாகுப் பக்கத்து வயலும் சதுப்பும் மண் நிரப்பி மேடாக்கப்படுவது அப்பகுதியில் எல்லாரும் அறிந்ததே. கடல் தின்ற வீட்டுக்குப் பதில் வீடு கேட்கும் ஏழைக்கும், பன்னை நம்பியிருக்கும் ஏழைக்கும் நடுவில் நின்று எவரும் எளிதில் தீர்ப்புச் சொல்லிவிட முடியாது. காசு படைத்தவன் கடைத்தொகுதிக்காக நிரப்பும் மண்ணையும், கடலால் வீடிழந்தவன் குடிசைக்காகக் கொட்டும் மண்ணையும் ஒரே சொல்லால் கண்டிக்கிற சூழல் பக்தி எனக்கு உடன்பாடில்லை. இரண்டையும் ஒரே சொல்லால் அனுமதிக்கிற 'அபிவிருத்தி'யும் உடன்பாடில்லை. இரண்டுக்கும் ஒரே அனுமதிப் பத்திரம் போதுமாயிருப்பதற்குக் காரணம், அந்நிலம் மூன்றாமவர் ஒருவருக்கு ஏற்கெனவே பயன்படுகிறது என்பதை எழுத அப்பத்திரத்தில் இடமில்லாமைதான்.

கைவினையைப் போற்றுகிறவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. கண்காட்சிகளில் பன்பாயைச் சுவரில் தொங்கவிட்டு, அதன் கோலங்களை மெச்சி, பாரம்பரியம் அழிகிறதே என்று உருகுகிறவர்கள் நல்லவர்களாகவே இருக்கலாம். ஆனால் உருகுதலுக்கும் உரிமைக்கும் தூரம் அதிகம். தாமிரபரணிக் கரையிலுள்ள பத்தமடையைப் பாருங்கள். அங்கேயும் பாய் நெய்தவர்கள் தமிழ் பேசும் முஸ்லிம்கள், லெப்பைகள். கோரையைக் கீறி, ஆற்று நீரில் ஊறவைத்து, நூற்பாவில் பட்டுப்போல் நெய்வார்கள். 1953 இல் எலிசபெத் அரசியின் முடிசூட்டுக்கு அங்கிருந்து பாய் போயிற்று என்பது அவ்வூரின் பெருமை. பிற்காலத்தில் புவிசார் குறியீடும் கிடைத்தது. பத்தமடைப் பாய் என்ற பெயரை வேறு எவரும் திருட முடியாது. கோரை விளையும் கரையில் நெசவாளிக்கு என்ன பாத்தியதை என்பது பற்றி அந்தக் குறியீடு வாய் திறக்கவில்லை. பெயர் காக்கப்பட்டது, புல் காக்கப்படவில்லை.

மேலும், அட்டை கடிக்கும் நீரில் இறங்க மறுக்கும் மகளைப் பாரம்பரியத்தின் பெயரால் குற்றம் சொல்ல நமக்கு யோக்கியதை இல்லை. அவள் படிக்கிறாள், ஆசிரியையாகிறாள், ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது, அதன் பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையிலேயே இருக்கிறது. வீட்டில் பிளாஸ்டிக் பாய் விரிக்கப்படுகிறது. கழுவ இலகு, விலை மலிவு. ஒரு தொழிலை விடுவதற்குள்ள உரிமையும் உழைப்பாளியின் உரிமையே. ஆனால் தான் விரும்பி விட்டு வெளியேறுவது வேறு; விளையும் இடம் ஒருநாள் மேடாகிப்போனதால் வெளியேற்றப்படுவது வேறு. இரண்டும் வெளியிலிருந்து பார்ப்பவனுக்கு ஒரே மாதிரித் தோன்றும். இரண்டையும் சேர்த்து 'காலம் மாறிவிட்டது' என்று சொல்லிவிடுவது வசதியானது. மாற்றியவர்களின் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை.

அப்படியானால் பன் எடுப்பவளுக்கு நாம் கோரும் பாத்தியதை எத்தகையது? உறுதி எழுதிக் கொடுத்துவிடலாமா? அதுதான் பெருந்தவறாக முடியும். துண்டு துண்டாகப் பிரித்து உறுதி எழுதினால் ஐந்தாண்டுக்குள் அத்துண்டுகள் அடகுக்கும் விற்பனைக்கும் போய், கடைசியில் நிலம் ஒரு முதலாளியின் கையில் நிற்கும். மலைநாட்டிலும் பிற நாடுகளிலும் இது பலமுறை நடந்ததே. பேணுகிறவளின் உரிமை விற்கும் உரிமையாக இருக்கலாகாது. மற்றவளைத் தடுக்கும் உரிமையாகவும் இருக்கலாகாது. எடுக்கும் உரிமை, எப்போது எவ்வளவு எடுப்பது என்று தம்முள் பேசித் தீர்மானிக்கும் உரிமை, நிலத்தை வேறொன்றாக மாற்ற எவரேனும் புறப்பட்டால் 'எங்களைக் கேட்டீர்களா?' என்று எழுந்து நிற்கும் உரிமை — இவையே பேணலுக்குப் பொருந்துவன. உழுதவனுக்கு நிலம் என்ற முழக்கம் நமக்குப் பழக்கமானது. நெடுநாள் பயன் தந்தது. பேணியவளுக்கு முழு நிலத்தையும் கொடு என்பது அதன் அடுத்த வரியாகாது. அவளைக் கேளாமல் அந்நிலத்தின் பெயரை மாற்றாதே என்பதே அடுத்த வரி.

இதற்குப் புதிய தத்துவம் வேண்டியதில்லை. புதிய பத்தி ஒன்று வேண்டும். பிரதேச செயலகத்தின் காணிப் பதிவேட்டில் எல்லை, பரப்பளவு, சொந்தக்காரர் என்று பத்திகள் இருக்கின்றன. அவற்றோடு, 'எந்த மாதத்தில் எவர் எதை எடுக்கிறார்' என்று ஒரு பத்தி சேர்த்தால் போதும். சம்மாந்துறையைச் சுற்றியுள்ள குளக்கரைகளையும் வாய்க்கால் ஓரங்களையும் பள்ளங்களையும் பற்றி அப்பத்தியை நிரப்புவது உயர்தர வகுப்பு மாணவர்களுக்கும் அவர்களுடைய ஆசிரியர்களுக்கும் ஒரு விடுமுறைக் காலத்து வேலை. பன் மட்டுமல்ல, பொன்னாங்காணி, வல்லாரை, தாமரைக் கிழங்கு, மாட்டுக்குப் புல், சிறுமீன் என்று அப்பத்தி எதிர்பார்த்ததைக் காட்டிலும் நீளமாகும். கிராம உத்தியோகத்தரிடமும் காணிக் கந்தோரிலும் கேட்டு அதை நிரப்ப முடியாது. பெண்களிடம் போக வேண்டும். போகிறவர்கள் காலையில் போகாதிருப்பது நல்லது. வெயில் ஏறுமுன் பன்னைப் பரப்ப வேண்டியிருக்கும். அப்போது எவருக்கும் பேச நேரமிராது.